மெஷினை வாங்கினால் போதுமா?

செமிகண்டக்டர் செய்தி இல்லாத நாளிதழ் இப்போது இல்லை. குஜராத்தில் சாணந்தில் ஒரு தொழிற்சாலை, தோலேராவில் ஒன்று, இன்னும் எங்கெங்கோ. 2021 டிசம்பரில் மத்திய அரசு இதற்கென்று 76,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. நல்லது. எனக்கு அதில் எந்தக் குறையும் சொல்ல இல்லை. நான் எழுத வந்தது அந்தத் தொழிற்சாலைகளைப் பற்றி அல்ல. அவற்றுக்கு ஆள் தயாராகும் பல்கலைக்கழக நானோ ஆய்வுக்கூடங்களில் மெஷின்களை ஓட்டிக்கொண்டிருக்கும் சிலரைப் பற்றி. அவர்கள் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை.

பிரெஞ்சு மீடியத்தில் ப்ரெவே வரை படித்துவிட்டு, புதுவை அரசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்ற இவனுக்கு நானோவைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. என் அண்ணன் பேரன் அப்படி ஒரு கூடத்தில் ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறான். மாதம் இரண்டு முறையாவது போன் செய்து, "சின்னத் தாத்தா, இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா?" என்று ஆரம்பிப்பான். மெஷின் பக்கத்தை அவன் சொல்லக் கேட்டேன். ஃபைல் பக்கத்தை, கொள்முதல் சீட்டிலும் ஸ்டோர்ஸ் சீட்டிலும் உட்கார்ந்து நானே பார்த்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்து யோசிப்பவர்கள் குறைவு என்பதால் எழுதுகிறேன். கூடம் எந்த ஊர், எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம். அவன் பிழைப்பு.

எங்கள் வாத்தியார் கற்பித்த அளவுகளில் கடைசி அளவு மிக்ரோன், மீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 'நானோ' என்ற முன்னொட்டை 1960ல் பாரிஸில் கூடிய எடை அளவு மாநாட்டில்தான் முறையாகச் சேர்த்தார்கள். அது எங்கள் பாடப்புத்தகத்துக்கு வந்து சேருவதற்குள் நான் பள்ளியை விட்டுவிட்டேன். நானோமீட்டர் என்றால் மீட்டரில் 100 கோடியில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 முதல் ஒரு லட்சம் நானோமீட்டர். இவர்கள் சிலிக்கான் தகட்டின் மேல் போடும் கோடுகளோ சில நூறு, சில சமயம் சில பத்து நானோமீட்டர் அகலம். அந்தக் கணக்கில் ஒரு தூசி என்பது தெருவில் விழுந்த பாறாங்கல்.

அதனால்தான் அந்த அறைக்கு அத்தனை ஆசாரம். ஒரு முறை கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். உள்ளே எல்லோரும் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும் தெரிகிறது. எது ஆண், எது பெண் என்று புரியவில்லை. விளக்கெல்லாம் மஞ்சள். தகட்டின் மேல் பூசும் மருந்து நீல ஒளியிலும் புற ஊதாவிலும் கெட்டுவிடும், மஞ்சளில் கெடாது. பழைய போட்டோ ஸ்டுடியோவின் சிவப்பு விளக்கு மாதிரிதான். 'கிளாஸ் 100' என்று ஒரு அறையைச் சொன்னால், ஒரு கன அடி காற்றில் அரை மிக்ரோனும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 100க்கு மேல் இருக்கக்கூடாது என்று பொருள். ஒரு கன அடி என்பது ஒன்றரை மண்ணெண்ணெய் டின் அளவு. நாம் உட்கார்ந்திருக்கும் அறையில் அதே அளவு காற்றில் அவை லட்சக்கணக்கில் இருக்கும். பென்சிலும் சாதாரணக் காகிதமும் உள்ளே போகக்கூடாது. பென்சிலிலிருந்து கரி உதிரும், காகிதத்திலிருந்து நார் உதிரும். "அப்போ ஃபைல் போக முடியாத ஒரே கவர்ன்மென்ட் ரூம் இதுதானா?" என்று கேட்டேன். பையன் சிரித்தான்.

அறையைக் கட்டிவிடலாம், மெஷினை இறக்கிவிடலாம். அதற்கப்புறம்தான் கதை.

ஒரு ஐப்பசி மழையில், தகட்டில் போட்ட படம் எல்லாம் கழுவும்போது உரிந்து வந்துவிட்டதாம். பத்து மாணவர்கள், பத்து பேருக்கும் அதே கதி. மருந்து பழசு என்று ஒரு பேராசிரியர், கழுவும் திரவம் சரியில்லை என்று இன்னொருவர். புது பாட்டிலுக்கு ஆர்டர் போடும் வரை போயாகிவிட்டது. இவன் அறையின் ஈரப்பத ரெஜிஸ்டரை எடுத்துப் பார்த்தான். 45 சதவீதத்தில் நிற்க வேண்டிய ஈரம் பல நாள் காலையில் 70ஐத் தாண்டியிருக்கிறது. தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் உட்கார்ந்துவிட்டால் மருந்து பிடிக்காது. ஏன் ஈரம் ஏறியது? மின்கட்டணத்தைக் குறைக்க என்று கட்டடப் பிரிவில் யாரோ ராத்திரியில் குளிர்நீர் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். இரவு பூராவும் ஈரக்காற்று உள்ளே. தகட்டை முதலில் நன்றாகச் சூடேற்றி உலர்த்திவிட்டு, மருந்து ஒட்டிக்கொள்ள உதவும் ஆவியைக் காட்டிவிட்டுப் பூசச் சொன்னான். அன்றே படம் நின்றது. குளிர்நீர் இயந்திரத்தை ராத்திரியில் ஓட வைக்க மட்டும் மூன்று வாரக் கடிதப் போக்குவரத்து.

வெற்றிட மெஷின்கள் இன்னொரு உலகம். உலோகத்தை ஆவியாக்கிப் படிய வைக்கும் பெட்டிக்குள் காற்றே இருக்கக்கூடாது. பம்பு ஓடுகிறது, ஆனால் அழுத்தம் இறங்க மாட்டேன் என்கிறது. எங்கோ ஓட்டையா, உள்ளே ஈரமா? இதைக் கண்டுபிடிக்க அவன் சொன்ன வழி எனக்கு மிகவும் பிடித்தது. பம்பின் வால்வை மூடிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அழுத்தம் ஒரே சீராக ஏறிக்கொண்டே போனால் ஓட்டை. முதலில் ஏறி, பிறகு மெல்ல மெல்ல ஏற்றம் தணிந்தால், சுவரிலிருந்து கசியும் ஈரம்தான், சூடேற்றினால் சரியாகிவிடும். ஓட்டை என்றால் எங்கே? சைக்கிள் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்ப்பார்களே, இங்கே அதற்குத் தலைகீழ். வெளியிலிருந்து ஒவ்வொரு மூட்டிலும் ஹீலியம் வாயுவைக் காட்டுவார்கள், உள்ளே ஹீலியத்தை மோப்பம் பிடிக்கும் கருவி இருக்கும். அரைநாள் தேடி அவன் ஒரு முறை பிடித்தது, ரப்பர் வளையத்தின் குறுக்கே கிடந்த ஒரு தலைமுடி. பல கோடி ரூபாய் மெஷினை நிறுத்தியது அது.

இதையெல்லாம் எந்தப் பட்டப்படிப்பிலும் சொல்லிக் கொடுப்பதில்லை. மாணவன் நாலைந்து வருஷத்தில் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவான். பேராசிரியருக்குப் பாடம், ஆராய்ச்சிக் கட்டுரை, கமிட்டி. மெஷினோடு ஒன்பது வருஷம் குடித்தனம் நடத்தியவன் ஒருவன்தான்.

அவனுக்கு இன்னொரு வேலையும் உண்டு: "முடியாது" என்று சொல்வது. தங்கம் பூசிய தகட்டை, சிலிக்கானுக்கென்று வைத்திருக்கும் உலையில் வைக்கவே கூடாது. சூட்டில் தங்கம் சிலிக்கானுக்குள் வெகுவேகமாகப் பாய்ந்து அதன் மின் குணத்தைக் கெடுத்துவிடும். ஒருவர் ஒரு தடவை வைத்தால் உலைக்குழாயில் ஒட்டிக்கொண்டு, அடுத்து வருகிறவர்கள் எல்லோருடைய தகட்டுக்கும் தோஷம். கருவாட்டுச் சட்டியில் பால் காய்ச்சுவோமா? நம் பாட்டிமார் சட்டியைத் தனியே வைத்தது போல இங்கே இடுக்கி முதற்கொண்டு தனி. ஆனால் ஒரு பெரிய பேராசிரியரின் மாணவன், "சார் சொல்லிட்டார், இன்னிக்கு ஒரு நாள் மட்டும்" என்று வந்து நிற்பான். அப்போது மறுக்க முதுகெலும்பு வேண்டும். பதினோரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவனுக்கு அந்த முதுகெலும்பு எங்கிருந்து வரும்? அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் கமிட்டியில் அதே பேராசிரியர் உட்கார்ந்திருப்பார்.

என் கட்சி முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. நிரந்தரப் பதவி என்பது சம்பளத்துக்காக மட்டும் இல்லை.

உயிர் விஷயமும் இதில் உண்டு. அங்கே ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் அன்றாடப் பொருள். கண்ணாடியையே அரித்துவிடும், அதனால் பிளாஸ்டிக் பாத்திரத்தில்தான் வைப்பார்கள். நீர்த்த நிலையில் தோலில் பட்டால் முதலில் வலியே தெரியாது. மணிக்கணக்கு கழித்து, உள்ளே போய் உடம்பின் கால்சியத்தைப் பிடித்த பிறகுதான் தெரியும். அதற்கென்று கால்சியம் குளுகோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், காலாவதி ஆகாமலும் இருக்க வேண்டும். மாதா மாதம் அந்தத் தேதியைப் பார்ப்பது யார்? சைலேன் என்ற வாயு காற்றுப் பட்டாலே தானாகப் பற்றிக்கொள்ளும். அதன் குழாயில் கசிவு பார்ப்பது யார்? தினக்கூலி ஏற்பாட்டில் விடக்கூடிய வேலையா இது?

இனி ஃபைல் பக்கம்.

நான் வேலை பார்த்த ஒரு துறையில் வெளிநாட்டுக் கருவி ஒன்று மரப்பெட்டியோடு வந்து இறங்கியது. வாங்கியது மார்ச் மாதம். ஏன் மார்ச் என்று என் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதற்கு மூன்று ஃபேஸ் மின்சாரம் வேண்டும், கட்டடத்தில் இல்லை. அதற்கான செலவு வேறு தலைப்பு, வேறு துறை. மூன்று வருஷம் பெட்டி பிரிக்கப்படவில்லை. ஒவ்வொரு வருஷமும் இருப்புச் சரிபார்ப்பில் நாங்கள் எழுதினோம்: 'எண்ணிக்கை 1, நல்ல நிலையில் உள்ளது'. உண்மைதான், பிரித்தால் அல்லவா கெடும்!

நோய் இங்கேதான். கருவி வாங்குவது மூலதனச் செலவு, திறப்பு விழா வைக்கலாம், கல்வெட்டு வைக்கலாம். பராமரிப்பு என்பது வருவாய்ச் செலவு, அதற்குக் கல்வெட்டு கிடையாது. உத்தரவாதக் காலம் முடிந்த மறுநாள் முதல் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் பணம் எங்கே என்று தேடுவார்கள். பிரெஞ்சில் பராமரிப்புக்கு 'ஆந்த்ரத்தியேன்' என்று ஒரு சொல். அதே சொல்லுக்கு இருவர் உட்கார்ந்து பேசுவது என்ற பொருளும் உண்டு. பையன் மெஷினைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல் நினைவுக்கு வரும். சத்தம் மாறினால் அவனுக்குப் புரிகிறது.

உதிரிப் பொருள் வாங்குவதைக் கேளுங்கள். ஆக்சிஜன் வாயு இழுக்கும் பம்புக்குச் சாதாரணப் பெட்ரோலிய எண்ணெய் ஊற்றக்கூடாது. ஆக்சிஜனோடு சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஃபுளோரின் சேர்ந்த வேறு ரக எண்ணெய்தான் வேண்டும், விலை பல மடங்கு. இவன் அதைத் தெளிவாக எழுதித்தான் கேட்டான். கொள்முதலில் 'அல்லது அதற்கு இணையானது' என்று ஒரு வரியைச் சேர்த்து, குறைந்த விலைப்புள்ளிக்குச் சாதாரண பம்பு எண்ணெயை வாங்கி அனுப்பிவிட்டார்கள். கொள்முதல்காரர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அந்த வரி எல்லா ஃபைலிலும் போகும், போகாவிட்டால் ஆடிட் கேட்கும். பையன் ஊற்ற மறுத்து எழுத்தில் திருப்பி அனுப்பினான். சரியான எண்ணெய் வரும் வரை ஏழு வாரம் மெஷின் நின்றது. மெஷின் நின்றதற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. யாருக்கு? அவனுக்குத்தான்.

நல்லதையும் சொல்ல வேண்டும். 2025 ஜூனில் மத்திய நிதி அமைச்சகம், ஆராய்ச்சி நிறுவனங்களின் தலைவர்களும் துணைவேந்தர்களும் விஞ்ஞானக் கருவிகளை அரசு இணையச் சந்தைக்கு வெளியேயும் வாங்கலாம் என்று விதியைத் தளர்த்தியது. விலைப்புள்ளி இல்லாமல் வாங்கும் வரம்பையும் 2 லட்சம் ஆக்கியது. இந்த எண்ணெய் மாதிரி விஷயங்களுக்கு அது பெரிய ஆறுதல். 2006 முதலே பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யிலும் மும்பை ஐ.ஐ.டி.யிலும் மத்திய அரசு நானோ எலெக்ட்ரானிக்ஸ் மையங்களை உருவாக்கி, பிறகு மற்ற கல்லூரி மாணவர்களும் அங்கே வந்து கை வைத்துக் கற்றுக்கொள்ளத் திட்டமும் போட்டார்கள். உருப்படியான காரியம். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1977லேயே இப்படிப் பொதுவில் பயன்படுத்தும் கூடத்தை ஆரம்பித்துவிட்டார்கள். வெளியிலிருந்து வருகிறவருக்கு மெஷினைச் சொல்லிக் கொடுக்க ஆட்களை வைத்தார்கள் என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது.

பிரான்ஸைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நண்பர்கள் எழுந்து போய்விடுவார்கள், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கே சி.என்.ஆர்.எஸ். என்ற தேசிய ஆராய்ச்சி அமைப்பு, துலூஸ், லீல், பெசான்சோன், கிரெனோபிள், பாரிஸ் அருகில் உள்ள பலெஸோ ஆகிய இடங்களின் கூடங்களை 'ரெனாடெக்' என்று ஒரே வலையாகக் கட்டியிருக்கிறது. அங்கே மெஷின் ஓட்டுகிறவருக்கு ஒரு அரசுப் பதவி வரிசையே உண்டு. டெக்னீஷியன், உதவி எஞ்சினியர், ஆய்வு எஞ்சினியர் என்று போட்டித் தேர்வு எழுதிப் படிப்படியாக ஏறலாம். விஞ்ஞானிகளுக்குத் தங்கம், வெள்ளி, வெண்கலப் பதக்கம் கொடுப்பது போல, இவர்களுக்கென்று 1992 முதல் 'கிறிஸ்டல்' பதக்கம் கொடுக்கிறார்கள். அங்கும் எல்லாம் சொர்க்கம் இல்லை, தற்காலிக ஒப்பந்தக்காரர்கள் அங்கும் இருக்கிறார்கள். ஆனால் வரிசை என்று ஒன்று இருக்கிறது, ஏறுவதற்குப் படி இருக்கிறது.

கணக்குத் துறையில் ஓய்வு பெற்ற என் நண்பர் ஒருவர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். "நிரந்தரம் ஆக்கினா தூங்கிடுவான் சார். ஒப்பந்தம்னாதான் பயத்துல வேலை செய்வான்" என்பார். தூங்கியவர்களை நானும் பார்த்திருக்கிறேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தில் வேலை செய்கிறவன் கோளாறை மறைப்பான். நானோ கூடத்தில் மறைத்த கோளாறு அடுத்த பத்துப் பேருடைய ஆறு மாத உழைப்பைத் தின்னும். தூங்குகிறவனை எழுப்பப் பதிவேடு இருக்கிறது: எந்த மெஷின் எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை நாள் நின்றது, ஏன் நின்றது. அதை வைத்துப் பதவி உயர்வு கொடுங்கள் அல்லது நிறுத்துங்கள்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் எதுவும் இல்லை, ஒரு பத்திதான். ஒரு கோடிக்கு மேல் கருவி வாங்கும் எந்த ஃபைலிலும், நோட்டில் ஒரு பத்தி கட்டாயம் இருக்க வேண்டும்: இதை ஓட்டப்போகிறவர் யார், அவர் பதவி எது, பத்து வருஷத்துக்குப் பராமரிப்புப் பணம் எந்தத் தலைப்பில். அந்தப் பத்தி இல்லையென்றால் சம்பந்தப்பட்ட சீட்டிலேயே ஃபைலைத் திருப்பிவிட வேண்டும். கூடவே, வெளியாட்கள் மெஷினைப் பயன்படுத்திக் கட்டும் கட்டணம் பொது நிதியில் போய்க் கரையாமல் அந்தக் கூடத்தின் உதிரிப் பாகங்களுக்கே திரும்ப வேண்டும். ஒரு பதவியை உருவாக்கும் ஃபைல் எத்தனை மேசை ஏறி இறங்கும் என்று எனக்குத் தெரியும். கருவி வாங்கும் ஃபைலுக்குக் கிடைக்கும் வேகத்தில் பாதி அதற்குக் கிடைத்தால் போதும்.

பையன் போகிறான். குஜராத்தில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. சம்பளம் ஏறக்குறைய இரண்டு மடங்கு, பி.எஃப்., குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு எல்லாம் உண்டு. மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. போகாதே என்று யார் சொல்ல முடியும்? எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அவன் மட்டும் அந்த உலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறான்.

ஒன்பது வருஷக் குறிப்பை ஐந்து நோட்டுகளில் எழுதி வைத்திருக்கிறான்: எந்தப் பம்புக்கு எப்போது எண்ணெய் மாற்றினது, எந்த வால்வு மழைக்காலத்தில் மக்கர் செய்யும், எந்த அளவுமானி பொய் சொல்லும் என்று. அதைச் சுருக்கி, பொறுப்பு ஒப்படைப்பு அறிக்கையாக எழுதித் தரச் சொல்லி எனக்கு அனுப்பினான். இந்த வேலையில் நான் கெட்டிக்காரன். முப்பத்தெட்டு பக்கம் வந்தது. கடைசிப் பக்கத்தில், வழக்கப்படி இடது பக்கம் 'ஒப்படைப்பவர்', வலது பக்கம் 'ஏற்பவர்' என்று போட்டுக் கொடுத்தேன். வலது பக்கத்தில் எழுத இன்றைய தேதிவரை பெயர் கிடையாது. அவன் இடத்துக்கு விளம்பரம் வந்திருக்கிறது: தொகுப்பூதியம், பதினோரு மாதம்.